ஏஆர்டி கருவியை எதற்கு நம்பலாம்: சிங்கப்பூரில் எங்கள் வீட்டு அனுபவம்

2021 ஜூன் மாதம் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் கொவிட் கிருமியைக் கண்டறியும் நான்கு வகை ஆன்டிஜென் சுயப் பரிசோதனைக் கருவிகளுக்கு இடைக்கால அனுமதி வழங்கியது. அவை மருந்துக்கடைகளுக்கு வந்த புதிதில் ஒரு கருவியின் விலை 10 முதல் 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இருந்தது. ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பும் இருந்தது. ஆகஸ்ட் மாத இறுதியில் வீட்டுக்கு ஆறு கருவிகள் என்ற கணக்கில் அஞ்சல் வழியாக விநியோகம் தொடங்கியது. அக்டோபர் முதல் இன்னும் பத்து கருவிகள் வந்தன. அதற்குள் 'ஏஆர்டி' (ஆன்டிஜென் விரைவுப் பரிசோதனை) என்ற சொல் எழுத்தறியாத முதியவர்களின் வாயிலும் இயல்பாகப் புழங்கத் தொடங்கிவிட்டது.

நான் ஈசூன் வட்டாரத்தில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். எங்களோடு வசிக்கும் என் மாமியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருகிறார். ஆகவே இந்தக் கருவியைக் கடையில் விற்பவளாகவும் வீட்டில் அதன் முடிவை வைத்து முடிவெடுக்க வேண்டியவளாகவும் இருந்தேன். கடையில் எல்லாரும் கேட்டது, "எனக்குத் தொற்று இருக்கிறதா?" என்பதுதான். எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி வேறு: "இன்று நான் அத்தையின் அருகில் போகலாமா?" இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கருவி இரண்டுக்கும் ஒரே அளவு நம்பிக்கையோடு பதில் சொல்வதில்லை என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அதை எங்களால் பயனுள்ள முறையில் கையாள முடிந்தது.

கருவி செய்யும் வேலை எளிமையானது. பஞ்சுக்குச்சியில் வரும் மூக்குச் சளி ஒரு திரவத்தில் கலக்கப்படுகிறது. கிருமியின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதம் அத்திரவத்தில் இருந்தால், அட்டைக்குள் இருக்கும் நிறமேற்றிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு பட்டையின் வழியே நகர்ந்து 'டி' என்ற இடத்தில் கோடாகப் படிகிறது. பிசிஆர் பரிசோதனை மரபுப்பொருளைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கிப் பெருக்கிப் பார்க்கிறது; ஏஆர்டி எதையும் பெருக்குவதில்லை. குச்சியில் எவ்வளவு புரதம் ஒட்டி வந்ததோ அவ்வளவை மட்டுமே அது காண்கிறது. ஆகையால் அது உண்மையில் விடையளிக்கும் கேள்வி, "இந்த நேரத்தில் இந்த மூக்கில் கிருமி ஏராளமாக இருக்கிறதா?" என்பது மட்டுமே.

'சி' என்ற கட்டுப்பாட்டுக் கோட்டைப் பற்றிக் கடையில் நான் மிகுதியாக விளக்கியிருக்கிறேன். அந்தக் கோடு தெளிவாக விழுந்தால் பரிசோதனை சரியாக நடந்துவிட்டது என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். திரவம் பட்டையில் கடைசிவரை ஓடியது, அட்டையில் உள்ள வேதிப்பொருள் கெட்டுவிடவில்லை என்பவற்றுக்கு மேல் அது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. குச்சி மூக்கிற்குள் போனதா, போய் உட்சுவரைத் தொட்டதா, வாசலிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியதா என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. குச்சியை மூக்கில் விடாமலேயே குழாயில் முக்கி அட்டையில் சொட்டு விட்டாலும் 'சி' கோடு அழகாக விழும். வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் முடிக்கப்படும் பல பரிசோதனைகள் இதற்கு வெகுதூரத்தில் இல்லை என்பது என் ஊகம்.

அடுத்த சிக்கல், வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்துவிடுவது. முதலில் அனுமதி பெற்றவற்றையே எடுத்துக்கொள்வோம். எஸ்டி பயோசென்சர் கருவியில் நான்கு சொட்டு. முடிவை 15 முதல் 30 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். அபோட் நிறுவனத்தின் பான்பயோவில் ஐந்து சொட்டு. 15 முதல் 20 நிமிடம். குவிக்வியூவில் அட்டையே இல்லை: பட்டையை நேரே குழாய்க்குள் நிற்க வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அதில் கட்டுப்பாட்டுக் கோடு நீல நிறம், தொற்றுக் கோடு இளஞ்சிவப்பு. ஒரு வகையில் பழகிய கை மற்றொரு வகையிலும் அதையே செய்யும். ஒரு மூதாட்டி டிஷ்யூ தாளில் சுற்றி எடுத்து வந்த அட்டையைக் கடை மேசையில் விரித்து, "இதைப் பாரும்மா, ராத்திரி ஒரு கோடு, காலையில ரெண்டு கோடு" என்றார். இரவு முழுவதும் காய்ந்த அட்டையில் தோன்றும் மங்கலான சாம்பல் நிறக் கீற்றை முடிவாகக் கொள்ள முடியாது. திரவம் ஆவியாகும்போது அத்தகைய தடம் விழுவதுண்டு. புதிய கருவி ஒன்றைக் கொடுத்து, பெட்டியிலுள்ள தாளில் அவருக்குத் தெரிந்த மொழிப் பகுதியை மஞ்சள் மையால் குறித்து அனுப்பினேன்.

வைத்திருக்கும் இடமும் கவனத்துக்குரியது. பெரும்பாலான பெட்டிகளில் 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை என்று அச்சிட்டிருக்கும். சிங்கப்பூரின் மதிய வெப்பம் அந்த மேல் வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். வெயில் படும் காரின் உட்புறத்தைச் சொல்லவே வேண்டாம். நாங்கள் பெட்டிகளைப் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தோம். அடுப்பு இருக்கும் பக்கமே கொண்டுபோகவில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்கள் பயன்படுத்துமுன் அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். அட்டையின் உறையைப் பரிசோதனைக்குச் சற்று முன்னர்தான் கிழிக்க வேண்டும். ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் பட்டை விரைவில் கெடும்.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் கருவிக்கென்று ஓர் எல்லை உண்டு. அனுமதி வழங்கப்பட்ட காலத்திலேயே, கிருமி மிகுதியாக உள்ளவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரை இது கண்டறியும் என்று இங்கே கூறப்பட்டது. 'கிருமி மிகுதியாக உள்ளவர்களில்' என்ற அடைமொழியைப் பலர் கவனிக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2021 மார்ச்சில் வெளியிட்ட மீளாய்வில், நோய்க்குறி உள்ளவர்களில் சராசரியாக 72 விழுக்காட்டினரையும் நோய்க்குறி இல்லாதவர்களில் 58 விழுக்காட்டினரையும் மட்டுமே ஆன்டிஜென் பரிசோதனைகள் கண்டறிந்தன. நோய்க்குறி தோன்றிய முதல் வாரத்தில் 78 விழுக்காடாக இருந்த திறன் இரண்டாம் வாரத்தில் 51 விழுக்காடாக இறங்கியது. அதே நேரத்தில் தொற்று இல்லாதவர்களில் 99.6 விழுக்காட்டினருக்குச் சரியாக 'இல்லை' என்றே காட்டியது. இந்த எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காண்க: இரண்டு கோடு விழுந்தால் அது பெரும்பாலும் உண்மை, ஒற்றைக் கோடு விழுந்தால் அதில் சந்தேகத்துக்கு நிறைய இடம் இருக்கிறது.

அந்தச் சந்தேகம் எங்கள் வீட்டில் உருவெடுத்து வந்தது ஓமிக்ரான் அலையின்போது, 2022 பிப்ரவரியில். என் கணவர் வேலை முடிந்து திரும்பிய மாலையில் தொண்டை கரகரக்கிறது என்றார். அன்றிரவு ஒற்றைக் கோடு. மறுநாளும் ஒற்றைக் கோடு. ஆனால் உடல்வலி சேர்ந்துகொண்டது. அவருடைய பணியிடத்தில் இருவருக்கு ஏற்கெனவே தொற்று உறுதியாகியிருந்தது. அவர் மகனின் அறைக்கு மாறினார். மகன் என்னோடு படுத்துக்கொண்டான். அத்தைக்கு உணவு கொண்டுபோவதை நான் மட்டும் முகக்கவசத்தோடு செய்தேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு கோடுதானே விழுந்திருக்கு, அப்புறம் எதுக்கும்மா அவனை உள்ளே பூட்டி வச்சிருக்க?" என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள்களில் ஒரு காலைப்பொழுதில், அட்டையில் சொட்டு விட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் 'டி' கோடு 'சி' கோட்டுக்கு முந்திக்கொண்டு சிவந்திருந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. பெருந்தொற்றின் தொடக்கத்தில், நோய்க்குறி தோன்றும் வேளையிலேயே கிருமியின் அளவும் உச்சத்தை நெருங்கிவிடும். தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ உடலில் எதிர்ப்பாற்றல் ஏற்பட்ட பிறகு, உடல் கிருமியை முன்கூட்டியே இனங்கண்டு எதிர்க்கத் தொடங்குகிறது. தொண்டைவலியும் காய்ச்சலும் கிருமி பெருகுமுன்பே வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2022, 2023 ஆண்டுகளில் நோய்க்குறியோடு வந்த பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், கொவிட் கிருமியின் அளவு நான்காம் நாள்வாக்கில்தான் உச்சத்தை எட்டியது. ஆன்டிஜென் பரிசோதனையின் கண்டறியும் திறன் முதல் நாளில் 30 முதல் 60 விழுக்காடு வரையிலும், நான்காம் நாளில் 80 முதல் 93 விழுக்காடு வரையிலும் இருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தொண்டை கரகரத்த முதல் மாலையிலேயே செய்த பரிசோதனையில் ஒற்றைக் கோடு விழுந்ததும் நிம்மதியடைந்து, மறுநாள் பெற்றோரைப் பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர்.

2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட பரிந்துரை இந்த இயல்பை ஒட்டியதே: நோய்க்குறி உள்ளவர் ஒற்றைக் கோடு பெற்றால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும், நோய்க்குறி இல்லாமல், தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று கருதுபவர் 48 மணி நேர இடைவெளிகளில் மொத்தம் மூன்று முறை செய்ய வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என அடுத்தடுத்துச் செய்வது செலவைத்தான் கூட்டும். ஒரே பெட்டியிலுள்ள இரண்டு கருவிகளை அடுத்தடுத்த மணிநேரங்களில் பயன்படுத்திவிட்டு "ரெண்டுலயும் இல்லைன்னுதான் காட்டுது, அக்கா" என்று உறுதியாகச் சொன்ன இளைஞர்களிடம் இந்த 48 மணி நேரக் கணக்கைப் புரியவைப்பது எனக்குக் கடினமாகவே இருந்தது.

இரண்டு கோட்டின் நம்பகத்தன்மையும் எக்காலத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆயிரம் பேர் பரிசோதனை செய்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேரைக் கண்டறியும், தொற்றில்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குத் தவறாக இரண்டு கோடு காட்டும் என்றும் கொள்வோம். ஊரில் தொற்று அரிதாக இருந்து அந்த ஆயிரத்தில் ஐந்து பேருக்கு மட்டுமே தொற்று இருந்தால், உண்மையான இரண்டு கோடு மூன்று அல்லது நான்கு பேருக்கு விழும்; பொய்யான இரண்டு கோடு ஏறக்குறைய ஐந்து பேருக்கு விழும். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்று மோசமான நிலை அது. மாறாக அந்த ஆயிரத்தில் 300 பேருக்குத் தொற்று இருந்தால் 210 பேர் சரியாகக் கண்டறியப்படுவார்கள். பொய்யான இரண்டு கோடு மூன்று நான்கு பேருக்குத்தான் விழும். ஆனால் அப்போது 90 பேர் தப்பிவிடுவார்கள்: ஒற்றைக் கோடு பெற்றவர்களில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர் தொற்றோடு நடமாடுவார். 2021இன் நடுப்பகுதியில் வீட்டில் இரண்டு கோடு பெற்றவர்களைப் பிசிஆர் பரிசோதனைக்குப் போகச் சொன்ன சுகாதார அமைச்சு, ஒரே நாளில் 26,000க்கு மேற்பட்ட தொற்றுகள் பதிவான 2022 பிப்ரவரியில் லேசான நோய்க்குறி உள்ளவர்களை ஏஆர்டி முடிவை வைத்தே கையாண்டதன் அடிப்படை இதுதான். கருவி மாறவில்லை, ஊரின் நிலை மாறியது. கோட்டைப் பார்க்குமுன், அன்றைய நிலையில் எனக்குத் தொற்று இருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. பணியிடத்தில் இருவருக்குத் தொற்று, தொண்டைவலி, உடல்வலி எல்லாம் சேர்ந்த ஒருவரின் ஒற்றைக் கோட்டை நாங்கள் பொருட்படுத்தாததற்குக் காரணம் இதுவே.

மங்கலான கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உரிய நேரத்துக்குள், உரிய இடத்தில், நிறத்தோடு தோன்றும் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். அட்டையைச் சன்னல் ஒளியில் சாய்த்துப் பார்ப்பதும், கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும்; படத்தில் நேரமும் பதிவாகிவிடுவது கூடுதல் நன்மை. பொய்யான கோட்டை வேண்டுமென்றே வரவழைக்கவும் முடியும். 2021இல் இங்கிலாந்தின் பள்ளி மாணவர்கள் சிலர் வகுப்பைத் தவிர்ப்பதற்காக அட்டையில் ஆரஞ்சுச் சாற்றையும் கோலாவையும் விட்டு இரண்டு கோடு வரவைத்தார்கள். அமிலத்தன்மை, கருவியிலுள்ள எதிர்ப்பொருளின் இயல்பைக் குலைத்துவிடுகிறது. குழாயிலுள்ள திரவம் அமில, கார அளவைச் சரியான நிலையில் வைத்திருப்பதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது. அது சிந்திவிட்டால் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

தொற்றிலிருந்து மீளும் கட்டத்தில் இந்தக் கருவி பிசிஆரைவிட எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. உயிருள்ள கிருமி ஒழிந்த பின்னும் பிசிஆர் வாரக்கணக்கில் தொற்றைக் காட்டக்கூடும். அதன் மிச்சசொச்சத் துணுக்குகளையும் அது பெருக்கிவிடுகிறது. கிருமி நிறைய இருந்தால்தான் காட்டுவேன் என்ற ஏஆர்டியின் குறையே இங்கே நிறையாகிறது. அந்நாளைய விதிப்படி நோய்க்குறி இல்லாதவர் அல்லது லேசாக உள்ளவர் 72 மணி நேரம் தனித்திருந்துவிட்டு, ஏஆர்டியில் ஒற்றைக் கோடு வந்ததும் வெளியே போகலாம். என் கணவர் அதற்குப் பிறகும், அத்தையின் பொருட்டு, அடுத்த பரிசோதனையிலும் ஒற்றைக் கோடு வரும்வரை அவர் அறைக்குள் போகவில்லை. அரசு விதி எல்லாருக்கும் பொதுவானது. ரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கும் வீட்டுக்குச் சற்றுக் கூடுதலான எச்சரிக்கை தகும்.

ஒரு கிருமியைத் தேடும் கருவி மற்றவற்றைப் பற்றி வாய் திறக்காது என்பது எல்லாரும் அறிந்ததாகத் தோன்றினாலும் நெருக்கடியில் மறந்துபோகிறது. 2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 32,000க்கு மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்பு நிற எச்சரிக்கைப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தபோது மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இருமலோ சளியோ இல்லை. ஏஆர்டியில் ஒற்றைக் கோடு. பக்கத்து மருந்தகத்தின் மருத்துவர் ரத்தத்தில் என்எஸ்1 என்ற டெங்கிப் புரதத்தைச் சோதித்து அரை மணி நேரத்துக்குள் டெங்கி என்று உறுதிசெய்தார். அதுவும் ஓர் அட்டைதான். அதற்கும் கால எல்லை உண்டு. என்எஸ்1 காய்ச்சலின் முதல் சில நாள்களில் கிடைக்கும். எதிர்ப்பொருள் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே போதிய அளவு தோன்றும். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று தெரியாமல் எந்த அட்டையின் முடிவையும் மருத்துவரால் சரியாகப் படிக்க முடியாது.

இப்போது எங்கள் கடையில் கொவிட், இன்ஃபுளுவென்சா ஏ, பி மூன்றையும் ஒரே மூக்குச் சளியில் பார்க்கும் கூட்டுக் கருவிகள் விற்பனையாகின்றன. வாங்குவோர் மூன்றுக்கும் ஒரே அளவு நம்பகத்தன்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். இன்ஃபுளுவென்சாவுக்கான விரைவு ஆன்டிஜென் பரிசோதனைகளின் கண்டறியும் திறன் பொதுவாக 50 முதல் 70 விழுக்காடு வரை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. தொற்றுள்ள பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேரை அது விட்டுவிடும். இதில் தயங்கி நிற்க நேரமும் இல்லை. இன்ஃபுளுவென்சாவுக்கான ஓசல்டாமிவிர் மருந்தை நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் மிகுதி. கொவிட்டுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரையை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கான நேரத்தை ஒற்றைக் கோட்டை நம்பிக் காத்திருந்து இழக்கக் கூடாது.

அண்மையில் அத்தைக்கு இரவில் குளிர்க்காய்ச்சல் வந்தபோது கூட்டுக் கருவி மூன்றிலும் இல்லை என்றே காட்டியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்துக் காய்ச்சலைத் தெரிவித்துவிட்டு, விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். காய்ச்சல் தொடங்கிய நேரம், பரிசோதனை செய்த நேரம், கருவியின் பெயர், வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைப் படித்த மருத்துவர், பள்ளியில் காய்ச்சல் பரவுகிறதா என்று மட்டும் மகனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல், சிறுநீரக நோயாளிக்குரிய குறைந்த அளவில் ஓசல்டாமிவிரை அன்றே தொடங்கினார். ஆய்வக முடிவு பின்னர் இன்ஃபுளுவென்சா ஏ என்று வந்தது.